மலை ஆஸ்பத்திரிக்கு எந்தக் கேள்வித்தாள்?

கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துச் சின்ன மருத்துவமனைகளில் 'பேஷன்ட் சேஃப்டி சர்வே' என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் ஆய்வுக் குழு வரப்போகிறது என்றால்தான். யாராவது ஒருவர் ஏதோ ஒரு படிவத்தை இறக்கி, ஜெராக்ஸ் எடுத்து, வார்டு வார்டாகக் கொடுத்து, மறுநாளே திரும்ப வாங்கிவிடுவார். எந்தப் படிவம், ஏன் அது என்ற கேள்வி வருவதில்லை. நோயாளி பாதுகாப்பு பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்க அதிகம் புழங்குகிற வழிகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் கணக்கில் வைத்திருப்பது ஐம்பது படுக்கை, ஒரு தியேட்டர், இரவில் இரண்டு வார்டுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்று ஓடுகிற இடம்.

முதலாவது எஸ்.ஏ.க்யூ. எனப்படும் பாதுகாப்பு மனப்பான்மைக் கேள்வித்தாள். இதன் பூர்வீகம் விமான ஓட்டி அறை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைக் குழுவினர் விமானிகளிடம் கேட்டுவந்த கேள்விகள் முதலில் ஐசியூவுக்கு மாறின. பிரையன் செக்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் இன்றைய வடிவத்தை 2006இல் வெளியிட்டார்கள். குழுவாக வேலை செய்வது, பாதுகாப்புச் சூழல், வேலைத் திருப்தி, நிர்வாகத்தைப் பற்றிய எண்ணம், வேலை நிலைமை, மன அழுத்தத்தை உணர்வது என்று ஆறு பகுதிகள். பதில்கள் 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகும். 75, அதற்கு மேல் என்றால் நல்ல மனப்போக்கு. குறுகிய வடிவத்தில் 36 கேள்விகள்தான், ஒரு டீ நேரத்தில் முடியும்.

இதில் எனக்குப் பிடித்த கேள்வி, நானே நோயாளியாக வந்தால் இங்கே பயமில்லாமல் படுப்பேனா என்பது. ஆனால் மலையில் இதற்கு வரும் பதிலை அப்படியே நம்ப முடியாது. தன் அம்மாவுக்கு நெஞ்சு வலி என்றால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குக் கொண்டுபோகிற சிஸ்டர், சொந்த வார்டை நம்பாமல் போகவில்லை. ஆஞ்சியோ வசதி இங்கே இல்லாததால் போகிறார். அப்புறம் அந்த ஆறாவது பகுதி. களைப்பு என் வேலையைப் பாதிக்கும் என்று ஒப்புக்கொண்டால் அதில் மதிப்பெண் ஏறும். எத்தனை நைட் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்பவருக்கு இறங்கும். இது தனி மனிதர் தன்னைப் பற்றி நினைப்பது, மற்ற ஐந்தோடு சேருமா என்று ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள். சேர்த்துச் சராசரி போடாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, அமெரிக்க அரசின் மருத்துவத் தர ஆய்வு அமைப்பான ஏ.எச்.ஆர்.க்யூ. 2004இல் வெளியிட்ட மருத்துவமனைப் படிவம். அதில் 42 கேள்விகள், 12 பகுதிகள். 2019இல் வந்த 2.0 வடிவத்தில் 32 கேள்விகள், 10 பகுதிகள். எடுத்தால் 2.0தான் எடுக்க வேண்டும். 'பொருந்தாது அல்லது தெரியாது' என்ற கட்டம் அதில்தான் உண்டு. அது இல்லாத தாளில், டாக்டர்கள் ரவுண்ட்ஸில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாத ஆயாம்மா நடுக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போவார். அதுவும் ஒரு கருத்தாகக் கணக்கில் ஏறிவிடும்.

இந்தப் படிவத்தின் பலம், தவறு நடந்தபின் என்ன ஆகிறது என்பதைத் துருவிக் கேட்பது. மருந்து மாறிப்போனதை எழுதிக் கொடுத்தால் மருந்து அலமாரியைச் சரிசெய்வார்களா, எழுதியவருக்கு மெமோ வருமா? நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் அடங்கியிருப்பது இந்த ஒரு கேள்வியில்தான். அமெரிக்க மருத்துவமனைகளிலேயே இந்தப் பகுதி வழக்கமாகக் கீழே கிடப்பதுதான். அதனால் மதிப்பெண் குறைந்தால் பதற வேண்டாம். கூடி வந்தால்தான் யார் நிரப்பினார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதில் மதிப்பெண் என்பது சாதகமாகப் பதில் சொன்னவர்களின் சதவீதம். எட்டு நர்ஸ் உள்ள வார்டில் ஒருவர் மனம் மாறினால் 12.5 புள்ளி நகரும். போன வருடம் 62.5, இந்த வருடம் 75 என்று ஸ்லைடு போட்டுக் கைதட்டல் வாங்கலாம். நடந்தது என்னவோ ஒரு சிஸ்டர் டிரான்ஸ்ஃபரில் போய் இன்னொருவர் வந்ததாக இருக்கும். எஸ்.ஏ.க்யூ.வுக்கும் இதே கதிதான். 2022இல் திறந்த ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மாதிரியான இடத்தில் பிரிவுக்குப் பிரிவு ஆள் இருப்பார்கள், அங்கே எஸ்.ஏ.க்யூ. வைத்துத் தியேட்டரையும் ஐசியூவையும் ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு. ஐம்பது படுக்கையில் மருத்துவமனை முழுவதற்கும் ஒரே எண் போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயர். ஏ.எச்.ஆர்.க்யூ. தாளில் பெயர் கேட்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பிரிவு, என்ன பதவி, எத்தனை வருடம் என்று கேட்பார்கள். 'ஆபரேஷன் தியேட்டர், டெக்னீஷியன், 11 வருடம் அல்லது அதற்கு மேல்' என்று மூன்று டிக் விழுந்தால், ஒரே தியேட்டர் உள்ள இடத்தில் அது யார் என்று செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். அந்தக் கேள்விகளை எடுத்துவிடுங்கள். தாளை வாங்குவது இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கக் கூடாது. பக்கத்து ஊர் மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப்போகட்டும், அவர்களுடையதை நம்மவர் போய் வாங்கட்டும். படிக்கத் தெரியாத துப்புரவுப் பணியாளருக்கு வாசித்துக் காட்டுவதும் அந்த வெளியாள்தான்.

மூன்றாவது, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான நோயாளி பாதுகாப்புச் சட்டகம். இதில் மதிப்பெண்ணே கிடையாது. 'இதற்கெல்லாம் எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்' என்பதில் தொடங்கி, 'எதைச் செய்தாலும் பாதுகாப்பும் அதிலேயே இருக்கும்' என்பது வரை ஐந்து படிகள். நம் இடம் எந்தப் படி என்று முதலில் அவரவர் குறிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், கடைசியில் எல்லோரும் கூடிப் பேச வேண்டும். படிக்க அருமையாக இருக்கும். சீஃப் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தால் அத்தனை பேரும் மூன்றாவது படியைக் காட்டிவிட்டு வடையைப் பார்ப்பார்கள். நர்ஸ்கள் தனியாக, உதவியாளர்கள் தனியாக, டாக்டர்கள் தனியாக உட்கார்ந்தால்தான் இதில் ஏதாவது கிடைக்கும். அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஏ.எச்.ஆர்.க்யூ. 2.0. அதில் எந்தப் பகுதி கீழே போகிறதோ அதை மட்டும் எடுத்து, இரண்டு வாரம் கழித்து மான்செஸ்டர் முறையில் பேச்சு.

சரி, மூன்றுமே தொடாத இடம் ஒன்று மலையில் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது, வார்டு மாறும்போது தகவல் தவறிப்போகிறதா என்று ஏ.எச்.ஆர்.க்யூ. கேட்கும். ஊர் மாறும்போது கேட்காது. கூடலூரிலிருந்து இரவில் ஊட்டிக்கு அனுப்பும் நோயாளியோடு ஒரு ரெஃபரல் சீட்டு போகும். கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்பது அதன் பின்பக்கத்தில் அவசரமாகக் கிறுக்கியிருக்கும். நடுவட்டம் ஏறுகிற ஆம்புலன்ஸில் அதைப் படித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. இதே ஏ.எச்.ஆர்.க்யூ. கிளினிக்குகளுக்கென்று தனியாக ஒரு படிவம் வைத்திருக்கிறது. கடந்த 12 மாதத்தில் வெளி லேப், மருந்தகம், மற்ற மருத்துவமனைகளோடு சரியான, முழுமையான தகவலைப் பரிமாறுவதில் எத்தனை தடவை சிக்கல் வந்தது என்று அதில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எடுத்து, ஊட்டி, கோவை, சுல்தான் பத்தேரி என்று ஊர்ப்பெயர்களைப் போட்டு, தாளின் கடைசியில் தனியாக வைத்துவிடலாம். மொத்த மதிப்பெண்ணில் மட்டும் அதைக் கலக்க வேண்டாம்.