டிபிடி சிகிச்சை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஆத்திரத்தில் ராஜினாமா மெயில், அரை மணி நேரத்தில் அழுகை, மறுநாள் மன்னிப்பு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் இந்தச் சுழலை உடைக்கத்தான் டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற மனநலப் பேச்சுச் சிகிச்சை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லினஹன், தற்கொலை எண்ணத்தோடு போராடும் பார்டர்லைன் (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு) நோயாளிகளுக்காக உருவாக்கியது. முதல் ஆய்வு முடிவு வந்தது 1991இல்.

முழு டிபிடியில் நான்கு உண்டு: வாரம் ஒரு தனிச் சந்திப்பு, இரண்டரை மணி நேரம் வரை குழு வகுப்பு, இடையில் போனில் வழிகாட்டல், சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டம். குழு வகுப்பின் பாடம் ஒரு சுற்று 24 வாரம். பெரும்பாலும் இரண்டு சுற்று. தனிச் சந்திப்பை மட்டும் வைத்துக்கொண்டு டிபிடி என்று போர்டு மாட்டுகிறவர்களும் உண்டு. போன் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆத்திரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டா வருகிறது?

இதன் அசல் சரக்கு சங்கிலி அலசல். மெயில் அனுப்பிய நாளை எடுத்து, கண்ணி கண்ணியாகப் பிரிப்பார்கள். முந்தைய இரவு நாலு மணி நேரத் தூக்கம், காலையில் சாப்பிடவில்லை, மேலாளர் "இது இன்னும் முடியலையா?" என்றார், "என்னை மதிக்கலை" என்ற எண்ணம், முகத்தில் சூடு, விரல் 'அனுப்பு' பொத்தானில். எந்தக் கண்ணியில் வெட்டியிருக்கலாம் என்பதுதான் கேள்வி. "கோபம் வந்தது, செய்தேன்" என்று எழுதிக்கொண்டு போனால் வேலைக்காகாது. எண்ணமும் உடம்பும் தனித்தனியாக வேண்டும்.

கடைசிக் கண்ணிக்கு ஒரு உடனடி வைத்தியம்: பாத்திரத்தில் குளிர்ந்த நீர், மூச்சை அடக்கிக் கண்ணும் கன்னமும் மூழ்க 30 விநாடி. இதயத் துடிப்பு இறங்கும். 10 டிகிரிக்குக் கீழே வேண்டாம். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

நார்சிசத்துக்கு, அதாவது தன்னையே பெரிதாக நினைக்கும் ஆளுமைக் கோளாறுக்கு, இதை நம்பிப் போகலாமா? வலுவான சான்று இல்லை. சங்கிலியை எழுதுவது அந்த நோயாளியேதான். கண்ணிக்குக் கண்ணி அடுத்தவர் தப்பே நிற்கும், நடுவில் இருந்த அவமானம் ஏளனமாக மாறியிருக்கும். அதைத் தோண்டத் தெரிந்த சிகிச்சையாளர் கிடைத்தால் மட்டும் முயலலாம்.

இன்னொன்று: தனிச் சந்திப்போ குழுவோ, தொடர்ந்து நாலு வாரம் தவறினால் சேரும்போது ஒப்புக்கொண்ட சிகிச்சைக் காலம் முடியும்வரை வெளியேதான். கெடுபிடிதான். ஆனால் கொஞ்சம் தேறியதுமே கைகழுவிவிட்டுப் போகிறவர்களுக்கு, இந்த ஒரு விதியே பாதி மருந்து.