பூங்காவைப் புதுப்பிக்கும் முன் யாரிடம், எப்படிக் கேட்பது? கூட்டம், படிவம், களக்கணக்கு

தெருப் பூங்காவுக்கு நிதி வந்துவிட்டது என்றதும் 'என்ன போடலாம்' என்ற பேச்சுதான் முதலில் எழும். அங்கே யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதை அறிய மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சுமார் ஒரு ஏக்கர், அதாவது 4,000 சதுர மீட்டர் பூங்காவை மனதில் வைத்து அவற்றை ஒப்பிடுகிறோம்.

எந்த வழியானாலும் எஸ்டிமேட் போடுவதற்கு முன் கேட்டு முடித்துவிட வேண்டும். டெண்டர் போன பிறகு ஒரு விளக்கை இடம் மாற்றக்கூட மறு ஒப்புதல் தேவைப்படும். அப்போது கூட்டும் கூட்டம் வெறும் தகவல் சொல்லும் கூட்டமாகவே முடியும்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

செலவு குறைவு, ஒரே நாளில் முடியும், தீர்மானம் பதிவாகும். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் நடப்பதால் இதற்கு முறையான மேடையும் உண்டு. ஆனால் பகுதி சபை வாக்காளர்களுக்கானது. பூங்காவை அதிகம் ஆள்கிற சிறுவர்களுக்கு அங்கே இடமில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தால் சமையலில் இருக்கும் பெண்களும் வரமாட்டார்கள். மைக் நான்கைந்து பேரிடமே சுற்றும். அரசும் மக்களும் செலவைப் பகிரும் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு என்றால், பணம் கொடுத்தவர் குரல் இன்னும் ஓங்கும். நிலம் எல்லோருக்கும் பொது என்பதைத் தலைமை தாங்குபவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மைக்கை எடுத்துவிட்டாலே கூட்டம் பாதி சீராகும். எட்டுப் பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு வரைபடம். 1:100 அளவில் (ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்) வரைந்தால் ஒரு ஏக்கர் பூங்கா ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும், எல்லோருக்கும் கை எட்டும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். நடைபாதை, விளக்கு, கழிப்பறை, ஊஞ்சல் என்று படம் ஒட்டிய கிண்ணங்களை வைத்து, உத்தேசச் செலவின் விகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் விலை எழுதுங்கள்: கழிப்பறைக்கு ஐந்து கொட்டை, விளக்குக்கு மூன்று என்பதுபோல. எல்லாவற்றையும் கேட்க முடியாது என்று தெரிந்ததும் பேச்சு உடனே நிதானத்துக்கு வரும்.

வீடுதோறும் படிவம், அல்லது வாட்ஸ்அப் படிவம்

இது அதிகம் பேரை எட்டும். ஆனால் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் திறந்தவெளி ஜிம், நீரூற்று, செல்ஃபி பாயின்ட் என்று வேறெங்கோ பார்த்தவற்றின் பட்டியல்தான் வரும். கடைசியாக எப்போது வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், ஏன் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். 'இருட்டிவிட்டது', 'உட்கார இடமில்லை', 'கழிப்பறை பூட்டியிருந்தது' என்ற பதில்களிலிருந்து நேரடியாக வேலைப் பட்டியல் எழுதலாம். எட்டுக் கேள்விக்கு மேல் போகக் கூடாது.

வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் குடியிருப்போர் சங்கத்தின் கருத்துதான் திரும்பி வரும். வீட்டு வேலைக்கு வருபவர், ஆட்டோ ஓட்டுநர், மதியம் நிழலுக்கு ஒதுங்கும் தள்ளுவண்டிக்காரர் யாரும் அந்தக் குழுவில் இல்லை. பூங்காவைச் சுற்றி 250 மீட்டர் தூரத்துக்குள் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடாக, மாலை ஆறு மணிக்கு மேல் நேரில் போவதே சரி. வாடகைக் குடித்தனக்காரர் விடுபடக் கூடாது.

பூங்காவிலேயே களக்கணக்கு

மூன்றில் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறோம். நான்கு தன்னார்வலர்கள், ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு போதும். காலை ஆறு, பதினொன்று, மாலை நாலரை, இரவு ஏழு ஆகிய நேரங்களில் ஒரு முறை சுற்றிவந்து, யார் (ஆண், பெண், தோராய வயது), எங்கே, என்ன செய்கிறார் என்று வரைபடத்தில் குறியுங்கள். பெயர் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். வாசலில் நிற்கும் தன்னார்வலர், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களை எண்ண வேண்டும்.

இல்லாதவர்களைக் காட்டுவதுதான் இதன் பலம். வியன்னாவில் 1990களில் இப்படிக் கவனித்தபோது, ஒன்பது வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காக்களில் குறைந்துபோவது தெரிந்தது. மார்கரேட்டன் பகுதியின் ஐன்சீட்லர் பூங்கா அதன் அடிப்படையில் 1999இல் மாற்றியமைக்கப்பட்டது. ஒரே பெரிய பந்தாட்டத் திடலைப் பையன்களே நிரப்பிவிடுவதால் வேறு ஆட்டங்களுக்கும் இடம் ஒதுக்கி, பாதையையும் வெளிச்சத்தையும் சரிசெய்தார்கள். கூட்டத்தில் எந்தச் சிறுமியும் எழுந்து இதைச் சொல்லியிருக்கமாட்டாள்.

அடுத்த வாரம் சுண்ணாம்புத் தூளால் திட்டத்தைத் தரையிலேயே வரையுங்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க நடைபாதை 1.8 மீட்டர் அகலம் வேண்டும். காகிதத்தில் தாராளமாகத் தெரியும் கோடு, வேப்பமரத்தின் வேரில் போய் முட்டுவது அப்போதுதான் கண்ணில் படும். ஊஞ்சல் இன்னும் இடம் தின்னும். அச்சின் (சங்கிலி தொங்கும் மேல்கம்பியின்) உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் முன்னும் பின்னும் காலியாக இருக்க வேண்டும். 2.4 மீட்டர் உயர ஊஞ்சலுக்கு மொத்தம் 9.6 மீட்டர். இதைக் கணக்கிடாமல் பாதையை ஒட்டி நட்டுவிட்டு, பிறகு கழற்றுவது வீண் செலவு. இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காலையில் பரப்பிவிட்டு, மாலையில் அவை எங்கே நகர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். சிமென்ட் பெஞ்சின் இடத்தை அதுவே சொல்லிவிடும். ஒரு நல்ல மழைக்குப் பின் நீர் தேங்கும் எல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும், அங்கே பேவர் பிளாக் பதித்தால் அடிமணல் அரித்துக் கற்கள் இறங்கும்.

கண்ணால் பார்த்து எல்லாம் தெரிந்துவிடாது. வாசல் எத்தனை மணிக்குப் பூட்டுவது, கிரிக்கெட்டுக்கு அனுமதி உண்டா, நாயோடு வரலாமா என்பவற்றில் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அதற்குக் கூட்டம்தான் வழி.

நான்கு வாரம் கிடைத்தால் முதல் வாரம் எண்ணிக்கை, இரண்டாவது வாரம் படிவம், மூன்றாவது வாரம் சுண்ணாம்புக் கோடு, கடைசியாகக் கூட்டம் என்ற வரிசை பொருந்தும். ஒரே வாரம்தான் என்றால் படிவத்தை விட்டுவிடுங்கள். கேட்டவை, ஏற்றவை, ஏற்காதவை, ஏற்காததற்கான காரணம் நான்கையும் எழுதி, வேலை தொடங்கும் முன் பூங்கா வாசலில் ஒட்டுங்கள். வேலை முடிந்த ஆறாவது மாதம் அதே நேரங்களில் மறுபடி எண்ணினால், எந்தச் செலவு பலன் தந்தது என்று தெரியும்.