மஞ்சள் வண்டி விமர்சனம்: பாடி புதுசு, சேசிஸ் எந்தக் காலம்?

தூரத்தில் வரும்போது எல்லா மஞ்சள் வண்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் புறநகர் பஸ்களில், அதாவது ஊர் விட்டு ஊர் போகும் வண்டிகளில், இந்த மஞ்சள் இரண்டு வகை வண்டிகளின் மேல் இருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே சில ஆண்டுகள் ஓடிய சேசிஸிலிருந்து (இன்ஜினும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம்) பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புதுப் பாடி கட்டிய வண்டி. இப்படிப் புதுப்பித்தவற்றில் முதல் 100 வண்டிகள் 2023 ஆகஸ்டில் சாலைக்கு வந்தன. இன்னொன்று, சேசிஸும் பாடியும் சேர்த்தே புதிதாக வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படியான) வண்டி. ஒரே நிறம், ஒரே பலகை, ஒரே டிக்கெட் விலை. ஆனால் நான்கு மணி நேரம் உட்கார்ந்து போனால் இரண்டும் வேறு வேறு வண்டி. இந்த விமர்சனம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

முதலில் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நம்பர் பிளேட்டே பாதி சொல்லிவிடும். அரசு பஸ்களுக்கு 'என்' வரிசை. மதுரை வண்டி டிஎன் 58 என், கோவை டிஎன் 38 என், நாகர்கோவில் டிஎன் 74 என் என்று போகும். பாடி மாறினாலும் பதிவு எண் மாறாது. பளபளவென்ற புதுப் பாடியில், அதே ஊர் வரிசையில் பல வருடம் முந்தைய எண் இருந்தால் அது பாடி மாற்றிய வண்டி. எண்ணில் சந்தேகம் இருந்தால் குனிந்து டீசல் டேங்க் பக்கம் பாருங்கள். பிஎஸ்-6 வண்டியில் டீசல் டேங்குக்கு அருகே நீல மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று தனியாக இருக்கும். அது புகையைச் சுத்தம் செய்ய உதவும் ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலின் தொட்டி. 2020 ஏப்ரலுக்கு முன்னால் வந்த அசோக் லேலண்ட் ஐஇஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் முறை) வண்டியில் அந்தத் தொட்டியே கிடையாது. மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். சிந்திய ஆட்ப்ளூவின் தண்ணீர் காய்ந்து யூரியா மட்டும் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது அடையாளம் காது. பழைய வண்டியில் இருப்பது ஜப்பானின் ஹினோ வழியில் வந்த ஆறு சிலிண்டர் எச் சீரிஸ் இன்ஜின், டீசலை அனுப்ப இன்லைன் பம்ப் என்ற இயந்திரப் பம்ப். ஐடிலில் நிற்கும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக, 'டக டக' என்று கல் உடைப்பது போலக் கேட்கும். பிஎஸ்-6 வண்டியிலும் எச் சீரிஸ்தான், ஆனால் டீசலைக் கணினி அளந்து தெளிக்கும் காமன் ரெயில். ஒரே சுற்றுக்குள் டீசலைப் பகுதி பகுதியாகத் தெளிப்பதால் அந்தக் கூர்மை மழுங்கி, ஒரே சீரான உறுமலாகிவிடுகிறது. ஓட்டுநருக்கும் முன் சீட்டுக்காரருக்கும் இது பெரிய நிம்மதி. ரசிகர்களுக்கு ஒரு இழப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் பழைய எச் சீரிஸின் டர்போ விசில் எழும்பி வருவதைக் கேட்கவே முன் சீட்டைத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. புது வண்டியில் அந்த விசில் அடங்கிய குரலில்தான் வருகிறது.

பாடியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் போடலாம். பாடி கட்டுவதில் கரூருக்கு இருக்கும் பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரும்புச் சதுரக் குழாயில் கூடு, அதன்மேல் தகடு, முகமும் முதுகும் ஃபைபர் வார்ப்பு, தரைக்கு பிளைவுட், மேலே வழுக்காத விரிப்பு என்பது பொதுவான கட்டுமானம். ஏஐஎஸ்-052 என்ற பாடி விதித் தொகுப்பு வந்த பிறகு அவசர வழி, இருக்கை நங்கூரம், கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எல்லாம் கட்டாயமாகிவிட்டன. ஏறியதும் அந்தச் சுத்தியல் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

புதுப் பாடி எவ்வளவு நாள் புதுசாக இருக்கும் என்பதை மூன்று இடங்கள் சொல்லும். முதல் இடம், ஜன்னல் கண்ணாடி ஓடும் கால்வாய். அதற்குள் இருக்கும் ஃபெல்ட் பட்டை தேய்ந்ததும் கண்ணாடி கடகடக்கத் தொடங்கும். டிக்கெட்டை மடித்துச் செருகிச் சத்தத்தை நிறுத்துவது நம் ஊர்ப் பயணிகளின் பரம்பரை வைத்தியம். இரண்டாவது, கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலை. அந்த இணைப்பில் பூசிய சீலன்ட் வெயிலில் விரிசல் விட்டால் ஐப்பசி மழையில் ஜன்னலோர சீட் நனையும். ஒழுகல் கூரை நடுவில் இருந்தால் காற்றுத் துவாரத்தின் ரப்பர் போயிருக்கும். ஓரத்தில் இருந்தால் சீலன்ட். மூன்றாவது, பாடியை சேசிஸோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள். புதுப் பாடி கட்டிய சில மாதங்களில் இவை ஒருமுறை தளரும், அப்போது மீண்டும் முறுக்க வேண்டும். முறுக்காமல் விட்டால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கூடு முழுக்க 'கிரீச்' என்று முனகும். இந்த முனகல் வரும் வண்டியை ஓட்டை வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்பேனரால் தீரும் வியாதி அது.

ஆனால் ஓட்டத்தின் குணம் பாடியில் இல்லை, கீழே இருக்கிறது. பாடி மாற்றிய வண்டியைப் பற்றி எழுதும் பலர் சீட்டையும் விளக்கையும் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழே உள்ள பட்டை ஸ்பிரிங் மாறவில்லை என்றால் தூக்கிப் போடுவதும் மாறாது. அசோக் லேலண்டின் வைக்கிங் சேசிஸில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். ஒவ்வொரு கட்டின் முனையிலும் பட்டையை சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிள் பின்னும், அதைச் சுற்றிய உறையான புஷ்ஷும் உண்டு. கிரீஸ் காணாத புஷ் தேய்ந்து ஓட்டை பெரிதானால் சின்னக் குழிக்கும் 'டொக்' என்று ஒரு அடி கேட்கும். ஷாக் அப்சார்பர் ஆயில் கசிந்து காலியானால் அடி இருக்காது. ஒரு மேடு தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் பட்டை ஒன்று உடைந்திருக்கலாம் அல்லது வளைவு படுத்திருக்கலாம். பஸ் நிலையத்தில் ஆள் இறங்கிய வண்டியைப் பின்னால் இருந்து பார்த்தால் இந்தச் சாய்வு உடனே பிடிபடும். பாடி மாற்றும்போதே புஷ், ஷாக் அப்சார்பர், தளர்ந்த பட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிய வண்டிதான் முழுமையாகப் புதுப்பித்த வண்டி. அப்படிச் செய்த வண்டி பிஎஸ்-6 வண்டிக்குச் சற்றும் இளைத்ததல்ல.

எந்த சீட் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பழகிய 222 அங்குல வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) என்பது 5,639 மில்லிமீட்டர். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. கணக்குப் போட்டால் 3,383 மில்லிமீட்டர். அதாவது கடைசி சீட் பின் சக்கரத்திலிருந்து பத்து அடிக்கும் மேல் தள்ளித் தொங்கிக்கொண்டிருக்கலாம். சக்கரம் ஒரு விரல் அளவு எழும்பினால் கடைசி சீட் அதைவிட அதிகமாக எழும்பும், சீசாப் பலகையின் நுனி போல. இடுப்பு வலி உள்ளவர்கள் இரண்டு அச்சுக்கும் நடுவில், நான்காவது வரிசையிலிருந்து ஆறாவது வரிசைக்குள் உட்கார வேண்டும். பின் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள சீட்டில் கால் வைக்கும் தரை உயர்ந்திருக்கும். உயரமானவர்களுக்கு முழங்கால் முட்டும். மூன்று பேர் சீட்டில் நடு இடம் எந்த வண்டியிலும் நடு இடம்தான், அதற்குத் தீர்வு இல்லை.

முன் சீட் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்ஜின் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பதால் பேனட் மூடியின் ஓர ரப்பர் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுதான் சுகம். ரப்பர் நைந்திருந்தால் சித்திரை வெயிலில் சூடும் டீசல் வாடையும் நேராகக் காலுக்கு வரும். பேனட்டுக்கு அருகில் தரையோடு கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வீசினால் இரண்டு வரிசை தள்ளிப் போய்விடுவது நல்லது. இந்த விஷயத்தில் புதுப் பாடி கட்டிய பழைய வண்டிகள் நன்றாகவே தேறியிருக்கின்றன, மூடியும் ரப்பரும் புதுசு என்பதால்.

பிஎஸ்-6 வண்டியின் பலவீனம் புகை சுத்திகரிப்பில் இருக்கிறது. ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியா கரைசல். அது தீர்ந்தாலும், தரமற்றதை ஊற்றினாலும் முதலில் டேஷ்போர்டில் விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் திடீரென்று மூச்சு வாங்கும் புது வண்டியைப் பார்த்து இன்ஜின் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஆட்ப்ளூ அல்லது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார்தான் காரணம். கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டிக்கு இன்னொரு தேவை உண்டு: அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யப் புகைக் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். நிறுத்தம் நிறுத்தமாக நின்று போகும் டவுன் பஸ்ஸில் அந்தச் சூடு கிடைப்பது கஷ்டம். மதுரை–திருச்சி மாதிரியான நெடுவழியில் ஒரு மணி நேரம் சீராக ஓடும் வண்டிக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அதனால் பிஎஸ்-6 வண்டியைப் புறநகர்த் தடத்துக்குக் கொடுப்பது சரியான முடிவு. கிராமச் சாலைக்கும் அடிக்கடி நிற்கும் தடத்துக்கும் பழைய இன்லைன் பம்ப் வண்டியே பொருத்தம். அதை எந்த டிப்போ மெக்கானிக்கும் ஸ்பேனரை வைத்தே சரிசெய்துவிடுவார். புது வண்டிக்கு ஸ்கேனர் கருவி வேண்டும்.

பிரேக் இரண்டிலும் முழு ஏர் பிரேக். நல்ல வண்டியா என்று அறிய ஒரு சத்தம் போதும். காற்றுத் தொட்டி நிறைந்ததும் காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையர் 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு விடும். காற்று நிறைந்து நிற்கும் வண்டியில், பிரேக்கை மிதிக்காமலேயே அந்த மூச்சு சில நொடிகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. கிளம்பும் முன் பஸரும் சிவப்பு விளக்கும் அடங்கும்வரை ஓட்டுநர் காத்திருந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள். காற்றழுத்தம் ஏறும்வரை ஹேண்ட் பிரேக்கின் ஸ்பிரிங் சக்கரத்தை விடாது.

பிஎஸ்-6 வண்டிக்கு ஐந்துக்கு நான்கு. கீழ் வேலையும் சேர்த்துப் பார்த்த பாடி மாற்றிய வண்டிக்கும் அதே நான்கு. மேல் வேலை மட்டும் பார்த்த வண்டிக்கு இரண்டரைக்கு மேல் போட மனம் வரவில்லை.

பஸ் ரசிகர்கள் இப்போது எடுக்க வேண்டிய படம் பாடி மாற்றிய வண்டிதான். அரசு வாகனங்கள் 15 ஆண்டுக்கு மேல் ஓடக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கு பாடிக்கு இல்லை, பதிவு நாளுக்கு. 2016-இல் பதிவான சேசிஸில் நேற்றுதான் பாடி கட்டியிருந்தாலும் 2031-க்குள் அது கழிவுக்குப் போய்விடும். முன்பக்கம் முக்கால் கோணத்தில், காலை வெயில் முகத்தில் விழும்போது, பதிவு எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். டிப்போவுக்குள் என்றால் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். பிறகு அதே எண்ணைப் பழைய படங்களில் தேடுங்கள். பழைய நிறத்தில், பழைய பாடியில் அதே எண் கிடைத்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, தேதி, டிப்போ, தடம் மூன்றையும் கீழே எழுதி வையுங்கள்.