ஆசிட் ஊற்றாத ஆள் கிடைத்தார்

எங்கள் வீட்டுச் சமையல் மேடை சமைத்ததில் கெட்டதைவிட நான் சுத்தம் செய்த லட்சணத்தில் கெட்டதுதான் அதிகம். வீடு மதுரையில். மேடைக் கல்லுக்குப் பெயர் காஷ்மீர் ஒயிட். காஷ்மீருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எங்கள் மாவட்டத்துக் கல்தான். சாம்பல் வெள்ளையில் மாதுளை முத்தை நசுக்கித் தூவியது போல் சிவப்புப் புள்ளிகள். கடையில் பார்த்ததும் அதில்தான் விழுந்தேன். வெளிர் நிறக் கிரானைட்டுகளில் எண்ணெயையும் தண்ணீரையும் நன்றாகவே உறிஞ்சும் ரகம் அது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எண்ணெய்த் தூக்கு வைக்கும் இடத்தில் வட்டமாக ஒரு நிழல் விழுந்து, வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போனது.

போன பொங்கலுக்குக் குளியலறை டைல்ஸ் கழுவ ஒருவரைக் கூப்பிட்டேன். வாஷ் பேசின் பதித்திருக்கும் பலகை வெள்ளை மார்பிள். டைல்ஸுக்கு ஊற்றிய ஆசிட்டை அதன் மேலும் ஊற்றிவிட்டார். சோடா போல நுரைத்தது. அழுக்குதான் கிளம்புகிறது என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்! கழுவிய பிறகு பார்த்தால் பளபளப்பு போய், சிலேட்டுப் பல்பம் மாதிரி சொரசொரப்பு. மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல், ஆசிட் பட்டால் கல்லே கரையும். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு வைத்தியம் பார்க்கத்தான் இந்தக் கல் பாலிஷ்காரர்களைக் கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கிடைத்தவர்கள், போர்டு மாட்டிய கடை எல்லாம் கிடையாது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கூட ஒரு பையன். பத்து மணி என்றார்கள், வந்தது பன்னிரண்டரைக்கு.

வந்ததும் மெஷினை எடுக்கவில்லை. ஸ்பூன் கேட்டார். மேடையில் ஐந்து இடத்தில் தண்ணீர் விட்டுவிட்டு, "ஒரு காபி போடுங்கக்கா, அதுக்குள்ள தெரிஞ்சிரும்" என்றார். பத்து நிமிஷத்தில் நான்கு இடம் கறுத்துவிட்டது. எண்ணெய் வட்டத்தில் மட்டும் தண்ணீர் முத்தாக நின்றது. அந்த இடம் நல்லா இருக்கிறது போல என்றேன். சிரித்துவிட்டார். "அங்க எண்ணெய் குடியேறி ரொம்ப நாளாச்சுக்கா, தண்ணிக்கு இடமில்ல."

கிரானைட்டுக்கும் சேர்த்துப் பாலிஷ் போடச் சொன்னேன். வேண்டாம் என்றார். கல்லின் பளபளப்பு அப்படியே இருக்கிறதாம், மேலே படிந்திருப்பது சோப்பும் உப்பும்தானாம். சிங்க் குழாயடியில் எங்கள் போர்த் தண்ணீர் கட்டிவைத்திருந்த வெள்ளைப் பொருக்கை, பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டிக் காட்டினார். அடியில் கல் கண்ணாடி மாதிரி இருந்தது. வருகிற காசை வேண்டாம் என்று சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

எண்ணெய் வட்டத்துக்கு அவர் செய்தது பற்று. வெள்ளைக் களிமண் தூளை, நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனில் குழைத்து, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கால் அங்குலத்துக்கு அப்பினார். மேலே பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் டேப், தாளில் ஊசியால் நாலைந்து துளை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் சிலிண்டரை அவரே மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அன்று சாப்பாடு ஓட்டலில்தான். மறுநாள் காய்ந்த பற்றை உரித்தால் தூள் மஞ்சளித்திருந்தது. கல்லுக்குள் கிடந்த நல்லெண்ணெய் அது! இன்னொரு முறையும் போட்டார். முக்கால்வாசி போய்விட்டது. மீதி கொஞ்சம் தெரிகிறது, தெரியாதவர்கள் கண்ணில் படாது.

மஞ்சள் தூள் சிந்திய இடத்தை நான் சோப்புத் தூள் போட்டுத் தேய்க்கப் போய், அது குங்குமச் சிவப்பாக மாறிப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. சோப்பில் இருக்கும் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஜன்னல் வெயில் விழுகிற இடம்தானே, தானாக வெளுக்கும் என்று அதைத் தொடாமல் விட்டுவிட்டார். அதேபோல் வெளுத்தது.

மார்பிளுக்கு மெஷின் வந்தது. தண்ணீர் விட்டுக்கொண்டே, வைரத் துகள் பதித்த வட்ட டயமண்ட் பேடில் தேய்த்தார்கள். நம்பர் கூடக்கூடப் பேட் நைஸாகும். 400, 800, 1500, 3000 என்று நம்பர் ஏற, ஏற, மங்கல் போய்ப் பழைய முகம் திரும்பியது. ஆனால் கண்ணாடியையும் சுவரையும் மூடாமல் வேலை பார்த்தார்கள். தெறித்த வெள்ளைச் சேற்றைத் துடைக்க எனக்கு அரை நாள் ஆனது. வட்ட பேட் எட்டாத சுவர் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு மங்கல் அப்படியே நிற்கிறது. கையால் தேய்த்திருக்கலாம். கேட்டால், "அதெல்லாம் யாருக்குத் தெரியப்போவுது" என்கிறார். எனக்குத் தெரிகிறதே, தினமும் பல் தேய்ப்பது அங்கேதான்.

கடைசியில் சீலர், கறை உள்ளே இறங்காமலிருக்கக் கல்லில் பூசும் திரவம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பூசினார்கள். பத்து நிமிஷம் ஊறவிட்டு, மிச்சத்தைக் காய்வதற்குள் துடைத்தெடுக்க வேண்டும். சிங்க் பக்கம் பையன் மறந்துவிட்டான், பிசுபிசுப்பாகப் படலம் கட்டிக்கொண்டது. போன் பண்ணியதும் இரண்டாம் நாள் வந்து, அதே சீலரைக் கொஞ்சம் தடவி இளக்கித் துடைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.

மேடையும் மார்பிள் பலகையும் சேர்த்து 5,200 ரூபாய். இரண்டரை நாள் அடுப்படி இல்லை என்பதுதான் பெரிய செலவு. எத்தனை வருஷம் தாங்கும் என்றதற்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கறுத்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கேட்டதில் இந்தப் பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது ஆறு மாதமாகிறது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு தண்ணீரில் விட்டுத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் பராமரிப்பு. எண்ணெய்த் தூக்குக்கு அடியில் ஒரு தட்டு. போன மாதம் அத்தை ஊறுகாய் ஜாடியை ராத்திரி முழுக்க மேடையில் வைத்துவிட்டார். காலையில் துடைத்தேன், சுவடே இல்லை.

ஆனால் சீலர் கறை உள்ளே இறங்குவதைத்தான் தடுக்கும், மார்பிளைப் புளிப்பிலிருந்து காப்பாற்றாது. அதையும் அவர் சொல்லித்தான் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அவசரத்தில் நான்தான் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து அந்தப் பலகையில் வைத்துவிட்டேன். எடுத்தால் விளக்கின் பாதம் அளவுக்கு ஒரு மங்கல் வட்டம்.

மறுபடி போன் போட்டேன். "ஒரு வட்டத்துக்காக மெஷினைத் தூக்கிட்டு வர முடியாதுக்கா, அந்தப் பக்கம் வேலை வந்தா எட்டிப் பாக்குறேன்" என்றார். வரட்டும், அந்தச் சுவர் ஓரத்து அரை அங்குலத்தையும் சேர்த்தே தேய்க்கச் சொல்ல வேண்டும். விளக்கு இப்போது கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லில்.