ஏர்பஸ் ஏ350-900: இறக்கைக்கு முழு மதிப்பெண், முதுகுக்குச் சற்றுக் குறைவு

2015 ஜனவரியில் பயணிகள் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ350-900 விமானத்தை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கை அகலத்தையும் கேபினின் அமைதியையும் பற்றியே எழுதுகிறார்கள். காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதில் அது எவ்வளவு தேறுகிறது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் சன்னலோர இருக்கை கிடைத்தால் இதில் பெரும்பகுதியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இறக்கையின் அடியில் காற்றழுத்தம் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருப்பதால், நுனியைச் சுற்றிக் காற்று மேலேறிச் சுழல்கிறது. அந்தச் சுழலை உண்டாக்குவதில் வீணாகும் ஆற்றலே தூண்டல் இழுவை எனப்படுகிறது. எடையும் வேகமும் மாறாதிருக்க, இறக்கையின் வீச்சு, அதாவது ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையான தூரம், இரு மடங்கானால் இந்த இழுவை நான்கில் ஒன்றாகக் குறையும். அப்படியானால் நீட்டிக்கொண்டே போகலாமே என்றால், இந்த வகை விமானங்களுக்கான நிறுத்துமிடங்கள் 65 மீட்டருக்குக் குறைந்த வீச்சைக் கருதியே அமைக்கப்பட்டுள்ளன. ஏ350-இன் வீச்சு 64.75 மீட்டர். எல்லைக்கோடு வரை நீட்டியபின், நுனியை மேல்நோக்கி வாள்போல் வளைத்துவிட்டார்கள். போயிங் 777எக்ஸ் இதே சிக்கலுக்கு மடங்கும் நுனியைத் தீர்வாகக் கொண்டது. வீச்சு கூடுகிறது, கூடவே கீலும் பூட்டும் அவற்றின் எடையும் சேர்கின்றன. எளிமையைப் பார்த்தால் என் வாக்கு ஏர்பஸுக்கே.

வளைந்த நுனியைவிடப் பாராட்டத்தக்கது ஃப்ளாப் அமைப்பு, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் நீண்டு தாழக்கூடிய பலகைகள். பழைய விமானங்களில் மேலே ஏறியதும் ஃப்ளாப்கள் உள்ளடங்கி, இறங்கும்வரை அசையாமல் கிடக்கும். இதிலோ எரிபொருள் தீர்ந்து எடை குறையக் குறைய, கணினி அவற்றை மிகச் சிறிய கோணங்களில் நகர்த்தி, இறக்கையின் வளைவை அந்நேரத்துத் தேவைக்கு ஏற்றவாறு மாற்றுகிறது. தரையிறங்கும்போது ஃப்ளாப்புடன் அதற்கு முன்னால் இறக்கையின் மேற்புறத்திலுள்ள ஸ்பாய்லர் என்னும் அசையும் தகடும் சற்றே தாழ்ந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரியான அளவில் வைத்திருப்பதையும் சன்னல் வழியே காணலாம்.

கட்டமைப்பு எடையில் 53 சதவீதம் கூட்டுப்பொருள் (பிசினில் கார்பன் இழைகளைப் பதித்துச் செய்வது போன்றவை) என்பதால் பெரிய பலகைகளும் குறைந்த இணைப்புகளும் சாத்தியமாகின்றன. மேற்பரப்பு உராய்வைக் குறைக்க அது உதவுகிறது.

குறை முதுகில் இருக்கிறது. இணைய வசதிக்காக விமான நிறுவனங்கள் கேட்டுப் பொருத்திக்கொள்ளும் ஆண்டெனா மூடி, வழவழப்பான உடலின்மேல் திமிலாகப் புடைத்து நின்று, இறக்கை மிச்சப்படுத்தியதில் ஒரு சிறு பங்கைத் தின்றுவிடுகிறது. தட்டையான ஆண்டெனாக்கள் வந்துவிட்ட பிறகும் உயரமான மூடியையே கேட்டு வாங்கும் நிறுவனங்களுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.