கீமோ டைம்ல வாங்குன 2 விக் ரிவ்யூ (ஒண்ணு தோசைக்கல்லுக்கு போயிடுச்சு)

போன வருஷம் மார்பக கேன்சருக்கு கீமோ எடுக்குறப்ப 2 விக் வாங்குனேன், ஒண்ணு சிந்தெடிக், 2,800 ரூபா, இன்னொண்ணு ஒரிஜினல் மனுச முடி, 17,500 ரூபா. மதுரைல ஒரே கடைல தான் ரெண்டும், பேரு போடல, ஏன்னு கீழ படிச்சா புரியும். விக்னு தேடுனா கல்யாணத்துக்கு வைக்கிற சவுரி தான் வருது, கீமோல இருக்குறவங்க போட்டு பாத்து எழுதுனது தமிழ்ல ஒண்ணும் என் கண்ணுல படல, அதான்.

எனக்கு 21 நாளைக்கு ஒருக்கா 4 கீமோ, அப்புறம் வாரம் ஒண்ணுன்னு 12. அந்த மொத நாலுல டாக்ஸோரூபிசின்னு ஒரு மருந்து வரும், செவப்பா இருக்கும், சிஸ்டர் பெரிய சிரிஞ்சுல எடுத்து கைலயே மெதுவா ஏத்துவாங்க, பாத்தா அப்படியே ரோஸ்மில்க். மதுரைக்காரிக்கு ஜிகர்தண்டா தரக்கூடாதா சிஸ்டர்னு கேட்டேன், அவங்க சிரிக்கவே இல்ல, யூரின் செவப்பா போகும் பயந்துராதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாங்க. ஆனா ரெண்டாவது தடவ அவங்களே சிரிஞ்ச தூக்கிட்டு வந்து "அக்கா ஜிகர்தண்டா ரெடி"ன்னாங்க. முடிய காலி பண்றதும் இந்த ரோஸ்மில்க் தான். 2, 3 வாரத்துல கொட்டும்னு டாக்டர் சொல்லிருந்தாரு, எனக்கு கரெக்டா 17-வது நாள் தலகாணி பூரா முடி, அதவிட மண்டை வலி, முடி வேரெல்லாம் ஊசி குத்துற மாதிரி. அன்னிக்கு பாத்ரூம்ல உக்காந்து ஒரு மூச்சு அழுதேன், இல்லன்னு சொல்லல. சாயங்காலம் என் மக ட்ரிம்மர் எடுத்துட்டு வந்தா (பிளேடு கூடவே கூடாது, கீமோல வெள்ளணு கொறஞ்சிருக்கும், சின்ன கீறல்கூட வம்பாயிடும்), ரெண்டு சைடும் எடுத்துட்டு நடுவுல மட்டும் சேவல் கொண்ட மாதிரி விட்டு முப்பது போட்டோ எடுத்துட்டு தான் மிச்சத்த எடுத்தா, அவங்க அப்பா அத ஒரு மாசம் டிபியா வச்சிருந்தாரு.

இப்ப கடைக்காரர் செஞ்ச தப்பு. கொட்டுறதுக்கு முன்னாடியே போய் வாங்குங்கன்னு எல்லாரும் சொல்றது நல்ல யோசன தான், நம்ம முடி கலரு நீளம் பாத்து எடுக்கலாம், ஆனா அந்த மனுசன் என் அடர்த்தியான முடிக்கு மேலயே டேப்ப சுத்தி அளவெடுத்துட்டாரு. முடி போனதுக்கப்புறம் மண்டை சுத்தளவு கொறையும்ல, அது எனக்கு தெரியாது, இருவது வருஷமா விக் விக்கிறவருக்குமா தெரியாது? முடி கொட்டுனதுக்கப்புறம் எடுத்து போட்டா தல திரும்புது விக் திரும்பல. பின்னாடி பட்டைய கடைசி கொக்கி வரைக்கும் இறுக்கியும் லூசு. மாத்தி குடுங்கன்னா, ஒரு தடவ போட்டத எடுக்க மாட்டோம், வேணும்னா விக்க ஒட்டுற டேப் வாங்கிக்கங்கன்னு அதுக்கும் தனியா 350 ரூபா. உள்ள காட்டன் குல்லா போட்டு ஒரு மாதிரி சமாளிச்சேன்.

சிந்தெடிக் விக் கத தான் பெரிய கத. வெயிட்டே இல்ல, அலசி காயப்போட்டா சீவவே வேணாம், அழகா இருந்துச்சு, 9 நாள். பத்தாவது நாள் அடுப்புல தோசைய திருப்ப குனிஞ்சேன், ஆவி அடிச்சதும் முன்னாடி முடி பூரா சுருண்டு ஸ்டீல் நார் மாதிரி ஆயிடுச்சு. அது பிளாஸ்டிக் நாருங்க, சூடு ஆகாது, கடைல ஒரு வார்த்த சொல்லல. அதுக்கப்புறம் என் மக அதுக்கு "கருகுன கமலா"ன்னு பேரு வச்சு கவுத்துன குடத்து மேல மாட்டி வச்சுட்டா, கரண்ட் போன ஒரு ராத்திரி எங்க அம்மா டார்ச்சோட வந்து அத பாத்துட்டு போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க கம்போட வந்துட்டாங்க.

மனுச முடி விக் பாக்குறதுக்கு நம்பர் ஒன், யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. திருப்பதில கல்யாணகட்டைல எறக்குற முடிய தேவஸ்தானம் ஏலம் விடுறது தெரியும்ல, நான் 7 வயசுல அங்க மொட்ட போட்டவ, என் வீட்டுக்காரர் சொல்றாரு "பெருமாள் உன் முடிய உன்கிட்டயே திருப்பி குடுத்துட்டாரு, 17,500-க்கு, குபேரன் கடன இப்படித்தான் அடைக்கிறாரு போல"ன்னு. ஆனா சித்திரை வெயில்ல போட்டீங்கன்னா உள்ள இட்லி வேகும். அதுவும் குளிப்பாட்டணும், பேபி ஷாம்பூ, பிழியக்கூடாது, நெழல்ல காயணும், ஒரு கைக்குழந்தைக்கு உண்டான எல்லா வேலையும் இருக்கு. வீட்ல பருத்தி துண்டு தான், சொல்லிட்டேன்.

அப்புறம் புருவமும் கண்ணிமை முடியும் கூட போகும், விக்குக்கு கீழ அது இல்லாம மொகம் மொட்டையா தெரியும். பென்சில்ல வரஞ்சேன், ஒரு நாள் கொஞ்சம் மேல வரஞ்சுட்டு நாள் பூரா ஏதோ அதிர்ச்சி சேதி கேட்டவ மாதிரியே சுத்துனேன். மூக்கு முடி போறதால மூக்கு ஒழுகிட்டே இருக்கும், இத யாருமே சொல்ல மாட்டாங்க, கர்சீப் வச்சுக்கங்க.

இந்த விக்ல எனக்கு புடிச்ச ஒரே விசயம் கழட்டுறது தான். பாக்க வந்த ஒரு சொந்தக்காரம்மா, எங்க கொழுந்தியாளுக்கும் இதே தான், ஆறே மாசம், பாவம்னு ஆரம்பிச்சாங்க. நான் ஒண்ணும் பேசல, ரொம்ப புழுக்கமா இருக்குல்ல மதினின்னு சொல்லிட்டு விக்க கழட்டி அதுலயே விசிறிக்கிட்டேன். பாதி காப்பிய வச்சுட்டு கெளம்பிட்டாங்க.

சிந்தெடிக்குக்கு 2 ஸ்டார், மனுச முடிக்கு 3, கடைக்கு 1. முடி தானம் வாங்கி விக் செஞ்சு கீமோ எடுக்குறவங்களுக்கு இலவசமா குடுக்குற அமைப்புங்க இருக்கு, காசு கட்டுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில ஒரு வார்த்த கேளுங்க, நான் கேக்கல.

எனக்கு இப்ப சுருட்ட சுருட்டயா வெள்ளையும் கருப்புமா வந்துட்டு இருக்கு. 17,500 ரூபா விக்க கடைசி கீமோ அன்னிக்கு பக்கத்து சேர்ல மொத கீமோவுக்கு வந்திருந்த அக்காகிட்ட குடுத்துட்டேன். லூசா இருக்கும் டேப் ஒட்டணும்னு எல்லாம் சொல்லி தான் குடுத்தேன். அவங்க முடி கொட்டுனதும் போட்டு பாத்துட்டு போன் பண்ணாங்க, "லூசெல்லாம் இல்லியே, எனக்கு டைட்டா இருக்கு, உனக்கு மண்டை சின்னது போல."