கலந்து வந்த சீமெந்தா, தியேட்டரில் கலக்கிற சீமெந்தா?

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் உலோகத்தை எலும்போடு பிடித்து வைக்கிற சீமெந்துக்கு மூன்று வழி இருக்கிறது. மருந்து ஒன்றும் இல்லாத வெறும் சீமெந்து. கம்பனியே அன்டிபயோட்டிக் கலந்து அடைத்து அனுப்புகிற பக்கற். வெறும் சீமெந்தை எடுத்து, சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நாமே வன்கோமைசின் என்கிற அன்டிபயோட்டிக் தூளைக் கலப்பது. முதல்முறை மாற்றுகிற இடுப்புக்கும் முழங்காலுக்கும் எங்கள் தெரிவு இரண்டாவது. மூன்றாவதை, கிருமி பிடித்த மூட்டைக் கழற்றிவிட்டு இடைக்காலத்துக்கு வைக்கிற ஸ்பேசருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வெறும் சீமெந்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலை குறைவு, ஒவ்வாமைப் பயமும் குறைவு. 1970இல் ஜெர்மனியின் ஹம்பேர்க்கிலிருந்து புக்கோல்ஸும் எங்கல்பிறெக்ட்டும் சீமெந்தில் ஜென்டமைசின் என்கிற அன்டிபயோட்டிக் கலந்ததைப் பற்றி எழுதிய பிறகு ஐரோப்பா மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டது. இடுப்பு மூட்டில் நோர்வேயின் மூட்டு மாற்றுப் பதிவேடு நல்ல ஆதாரம் தருகிறது: நாளத்தில் ஏற்றிய மருந்தும் சீமெந்து மருந்தும் சேர்ந்த நோயாளிகளில்தான் தொற்றுக்காகத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது ஆகக் குறைவு. முழங்காலில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. 2013இல் வந்த ஸ்பெயின் ஆய்வில், ஏறக்குறைய 3000 முழங்கால்களில், எரித்ரோமைசினும் கொலிஸ்டினும் கலந்த சீமெந்து வெறும் சீமெந்தை விஞ்சவில்லை. அவை ஜென்டமைசின் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் முழங்கால் விசயத்தில் எங்கள் சாய்வுக்குப் பின்னால் ஆதாரத்தோடு கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கிறது. நீரிழிவுக்காரர், ஸ்டீரொயிட் எடுக்கிறவர், அதே மூட்டில் முன்பு கத்தி பட்டவர் என்றால் அந்தத் தயக்கமும் வேண்டாம்.

கலந்து வருகிற பக்கற்றுகளிலும் அளவு வேறுபடும். பலகோஸ் ஆர் பிளஸ் ஜி 40 கிராம் தூளில் ஜென்டமைசின் 0.5 கிராம். சிம்பிளெக்ஸின் மருந்துப் பக்கற்றில் டொப்ராமைசின் 1 கிராம். கோபல் ஜி பிளஸ் சியில் ஜென்டமைசினும் கிளின்டமைசினும் ஒவ்வொரு கிராம். கூட மருந்து என்றால் கூடப் பாதுகாப்பு என்று நினைத்து விலை கூடியதை வாங்கத் தேவையில்லை. இடுப்பெலும்பு முறிந்து அரை மூட்டு வைத்த ஏறக்குறைய 4900 முதியவர்களை வைத்துப் பிரித்தானியாவில் நடந்த ஆய்வு 2023இல் வந்தது. இரண்டு மருந்துச் சீமெந்தும் ஒற்றை மருந்துச் சீமெந்தும் ஆழமான தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை.

இனிப் பிரதான விசயம்: மருந்து தூளுக்குள் எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சீமெந்து உடைவது ஒரே அடியில் இல்லை. நடக்கிற ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து, பலவீனமான ஒரு இடத்தில் வெடிப்புத் தொடங்கி, அது நீண்டு உலோகம் ஆடத் தொடங்கும். ஐஎஸ்ஓ 5833 தரம் இறுகிய சீமெந்துக்கு ஆகக் குறைந்தது 70 மெகாபாஸ்கல் அமுக்க வலுவைக் கேட்கிறது. அதில் தேறிய சீமெந்துகூட உள்ளே ஒரு மருந்துக் கட்டி இருந்தால் அந்த இடத்திலிருந்தே வெடிக்கும். வன்கோமைசின் குப்பிக்குள் இருப்பது உலர்த்திய கட்டி. அவசரத்தில் கொட்டிக் கிண்டினால், சுடுதண்ணியில் போட்ட பால்மா மாதிரி, வெளியே கரைந்ததுபோல் இருந்தாலும் உள்ளே காய்ந்த உருண்டை அப்படியே கிடக்கும். மருந்து எங்கே கூட, எங்கே குறைய என்று யாருக்கும் தெரியாது. கம்பனி இதை இயந்திரத்தில், தூளின் அளவைப் பார்த்துக் கலக்கிறது. வெற்றிடக் கலக்கியில் போட்டு அடிக்கவும் முடிவதால் காற்றுக் குமிழும் குறைகிறது.

அப்படியும் கையால் கலக்கத்தான் வேண்டுமென்றால் முறை இது. குப்பியின் வெளிப்பக்கம் கிருமி நீக்கப்பட்டதல்ல. ஆகவே சுற்றுத் தாதி மூடியை முழுதாகக் கழற்றி, கிருமி நீக்கிய கிண்ணத்தில் மேலிருந்து தட்டி விழுத்த வேண்டும், குப்பிக்குள் கரண்டி விடக்கூடாது. கிண்ணத்தில் கட்டியை உலர்ந்தபடியே நசுக்கித் தூளாக்க வேண்டும். மருந்து எவ்வளவோ அதே அளவு சீமெந்துத் தூளைச் சேர்த்துக் கலந்து, அந்தக் கலவையின் அளவுக்கு இன்னும் தூள், பிறகு அதன் அளவுக்கு இன்னும், என்று இரட்டிப்பாக்கி 40 கிராமும் முடிய வேண்டும். பிறகுதான் 20 மில்லிலீற்றர் திரவம். மூட்டைப் பிடித்து வைக்கிற சீமெந்தென்றால் ஒரு பக்கற்றுக்கு 1 கிராம் போதும். 2 கிராமைத் தாண்டவே கூடாது.

ஒன்றை மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம்: வார்ட்டில் கிடக்கிற ஜென்டமைசின் ஊசி மருந்தை உடைத்து ஊற்றுவது. 2 மில்லிலீற்றர் அம்பூலில் 80 மில்லிகிராம்தான் இருக்கிறது. 0.5 கிராமுக்கு ஆறு அம்பூலுக்கு மேல், அதாவது பன்னிரண்டரை மில்லிலீற்றர் தண்ணீர். சீமெந்தின் திரவமான மொனோமர் 20 மில்லிலீற்றருக்கு அது அரைப்பங்குக்கும் மேல். தண்ணீர் மொனோமரோடு சேராது, ஓட்டை ஓட்டையாக நின்றுவிடும். திரவ ஜென்டமைசின் கலந்து சோதித்தபோது சீமெந்தின் வலு ஏறக்குறையப் பாதியாக விழுந்திருக்கிறது. ரிபம்பிசினும் வேண்டாம், அது இறுகுகிற வேதிவினையையே தடுத்துச் சீமெந்தை ரப்பராக விட்டுவிடும்.

ஜென்டமைசின் இந்த வேலைக்குப் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீமெந்திலிருந்து மருந்து வெளியேறுவது முதல் மணித்தியாலங்களிலும் நாட்களிலும்தான் அதிகம். பிறகு துளித்துளியாகத்தான் வரும், பெரும்பகுதி உள்ளேயே சிக்கிக் கிடக்கும். செறிவு உச்சத்தில் இருக்கும்போது வேகமாகக் கொல்கிற மருந்துக்கு அது சாதகம். வன்கோமைசின் பெரிய மூலக்கூறு, வெளியே வருவதும் குறைவு, கொல்வதும் மெதுவாக. வழமையான மருந்துக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ என்கிற கிருமி இருப்பது தெரிந்த நோயாளிக்கு அது தேவை, எல்லாருக்கும் இல்லை.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்துச் சூடும் இந்தக் கணக்கில் வரும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஏசி சரியாக வேலை செய்யாவிட்டால் சீமெந்து சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கும், உலோகத்தைச் சரியான நிலையில் வைக்க முன்பே கை கட்டுப்பட்டுப் போகும். கம்பனிப் பக்கற்றோடு வருகிற தாளில் வெப்பநிலைக்கு எவ்வளவு நேரம் என்ற வரைபடம் இருக்கும், அது அந்த மருந்து சேர்ந்த கலவைக்கே போட்டது. கையால் கலந்ததற்கு அப்படி ஒன்று இல்லை. எதுவானாலும் 25 பாகைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், வெக்கையான ஸ்டோரில் அடுக்கக் கூடாது. திரவ அம்பூலை உடைக்க முன் சாய்த்துப் பார்த்தால் தெரியும்: தண்ணீராய் ஓடாமல் பாகுபோல் நகர்ந்தால் உள்ளேயே இறுகத் தொடங்கிவிட்டது, வீசிவிட வேண்டியதுதான். தியேட்டர் சூடாக இருக்கும் என்று தெரிந்து பிரிஜ்ஜில் குளிரவைத்து எடுத்தால் இறுகும் நேரம் நீளும், அதைச் சத்திரசிகிச்சை செய்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஜென்டமைசின் சீமெந்துக்கு எட்டாத ஒரு கிருமி எங்கள் வயல் மண்ணிலேயே இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்கிற நோய் மண்ணிலும் தண்ணியிலும் இருந்து வருகிறது. மழைக்காலத்தில் கூடும், நீரிழிவுள்ள வெள்ளாமைக்காரர்களைத் தேடிப் பிடிக்கும், மூட்டிலும் சீழ் கட்டும். அந்தக் கிருமிக்கு ஜென்டமைசின் பொதுவாக ஒன்றும் செய்யாது. ஆய்வுகூடத்தில் அதைப் பிரித்தெடுக்கிற ஊடகத்திலேயே ஜென்டமைசின் கலந்து, மற்றக் கிருமிகளை அடக்கி இதை மட்டும் வளர விடுகிறார்கள்! வன்கோமைசினும் இதைத் தொடாது. ஆகவே முன்பு மூட்டில் சீழ் வந்த வெள்ளாமைக்காரருக்கு எந்தச் சீமெந்து என்பது இரண்டாவது கேள்விதான். முதலில் மூட்டு நீரை எடுத்து, சந்தேகத்தையும் எழுதி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால் வெறும் அசுத்தம் என்று ஒதுக்கிவிட இடமுண்டு. உறுதியானால் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசியும், பிறகு மாதக்கணக்கில் கோட்ரிமொக்சசோல் குளிசையும்தான் சிகிச்சை.

ஸ்பேசரில் நியாயம் தலைகீழ். அது சில வாரங்களிலோ மாதங்களிலோ கழற்றப்படுவது, வலு இரண்டாம் பட்சம். அங்கே 40 கிராமுக்கு 3.6 கிராமுக்கு மேல் மருந்து போகும், வெற்றிடக் கலக்கி வேண்டாம், கொஞ்சம் துளைகள் இருந்தால் மருந்து நன்றாக வெளியே வரும். ஜென்டமைசின் பக்கற்றையே அடியாக எடுத்து, கிருமியின் பரிசோதனை முடிவைப் பார்த்து வன்கோமைசினைக் கையால் கூட்டுவது வசதி. ஆனால் இந்த அளவில் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். தெஹியத்தகண்டியப் பக்கம்போல் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள இடங்களிலிருந்து வருகிறவருக்கு முன்னும் பின்னும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் பார்க்காமல் போடக் கூடாது. அதோடு நாளத்திலும் ஜென்டமைசின் ஏற்றிக்கொண்டிருந்தால் அதை மாற்ற வேண்டும்.

எந்தச் சீமெந்தானாலும், தோலை வெட்ட முன் 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்கிற அன்டிபயோட்டிக் நாளத்தில் போக வேண்டும், முழங்காலென்றால் இரத்த ஓட்டத்தை நிறுத்துகிற டோர்னிக்கே பட்டியை இறுக்க முன்பே. வெள்ளாமைக்காரரின் பித்தவெடிப்பும் விரலிடைப் புண்ணும் ஆற முன் திகதி குறிக்கக் கூடாது.

பக்கற்றோடு வருகிற ஸ்டிக்கரை நோயாளியின் கிளினிக் புத்தகத்திலேயே ஒட்டிவிடுங்கள். கையால் கலந்திருந்தால் மருந்தின் பெயர், எத்தனை கிராம், எத்தனை பக்கற்றுக்கு என்பதையும் வன்கோமைசின் குப்பியின் தொகுதி இலக்கத்தையும் எழுதுங்கள். கல்முனையில் வைத்த மூட்டை நாளைக்கு மட்டக்களப்பிலோ கண்டியிலோ திறக்கிறவருக்கு, உள்ளே என்ன மருந்து கிடந்தது என்பது எக்ஸ்ரேயில் தெரியாது.